நாத்திகத்துக்கும் அறியொணாவாதத்துக்கும் இடையே: ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம், ஒரு மதிப்புரை

கடவுள் இல்லை என்பவர் நாத்திகர். கடவுள் உண்டா இல்லையா என்பது தெரியாது என்பவர் அறியொணாவாதி, அதாவது அக்னாஸ்டிக். அன்றாட உரையாடலுக்கு இந்த இரண்டு வரிகள் போதும். ஆனால் "கடவுள் இல்லை என்றே நினைக்கிறேன், அதை நிறுவிக்காட்ட என்னால் இயலாது" என்று ஒருவர் சொல்லும்போது அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? "கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் அது அறிவுக்கு எட்டும் செய்தி இல்லை" என்று சொல்லும் பக்தரை எப்பெயரால் அழைப்பது? கடவுள் என்ற எண்ணமே இன்னும் தோன்றாத கைக்குழந்தை நாத்திகரா? இத்தகைய கேள்விகளுக்கு நிதானமான விடை தேடுகிறவருக்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் உதவிகளுள் நான் முதலிடம் தருவது ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியத்துக்கு. குறிப்பாக, ‘நாத்திகமும் அறியொணாவாதமும்’ என்ற தலைப்பில் அதில் உள்ள நெடும்பதிவுக்கு. அந்தப் பதிவையும் அதைத் தாங்கி நிற்கும் சேவையையும் தமிழ் வாசகரின் தேவையை மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் சேவையைப் பற்றிச் சில சொற்கள். இக்களஞ்சியம் 1995-இல் எட்வர்டு சால்டா என்ற மெய்யியலாளரால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. இன்று அதில் 1,700-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒவ்வொரு பதிவையும் அத்துறையில் உழைத்த அறிஞர் தம் பெயரிலேயே எழுதுகிறார். துறைசார்ந்த ஆசிரியர் குழு படித்துப் பார்த்து, திருத்தம் கேட்டு, ஏற்றுக்கொண்ட பிறகே அது வெளியாகிறது. வெளியான பின்பும் அதைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கும் கடமை எழுதியவருக்கு உண்டு. படிப்பதற்குக் கட்டணம் இல்லை, உறுப்பினராகப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை, பக்கத்தில் எங்கும் விளம்பரம் இல்லை. அழகாக அச்சிடத்தக்க கோப்பு வேண்டுவோர் மட்டும் சிறிய ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகிறார்கள். படமோ அலங்காரமோ இல்லாத வெற்று எழுத்துப் பக்கம் என்பதால் வேகம் குறைந்த இணைப்பிலும் கைப்பேசியில் தடையின்றித் திறக்கிறது. தோற்றத்தில் பழமை தட்டுவதைக் குறையாகச் சொல்வோர் இருக்கலாம்; கடவுள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கூச்சலோடும் மின்னும் காணொளிகளோடும் வந்து சேரும் காலத்தில், இந்த அடக்கம் எனக்கு நிறைவளிக்கிறது.

இச்சேவையின் அம்சங்களுள் நமது பொருளுக்கு மிகவும் பயன்படுவது அதன் காப்பகம். ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்துக்கு ஒன்றாக, முழுக் களஞ்சியமும் அன்றிருந்த நிலையிலேயே சேமித்து வைக்கப்படுகிறது. ஒரு பதிவு பின்னர் மாற்றப்பட்டாலும், மேற்கோள் காட்டியவர் பார்த்த வடிவம் அழியாமல் அங்கேயே இருக்கும். இத்தலைப்பில் 2004-இல் முதன்முதலாக எழுதியவர் ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ஜே. ஜே. சி. ஸ்மார்ட். 2017-இல் அதன் இடத்தில் அமெரிக்க மெய்யியலாளர் பால் டிரேப்பர் எழுதிய முற்றிலும் புதிய பதிவு வந்தது. 2022-இல் அவரே அதைத் திருத்தி விரித்தார். இருவரின் எழுத்தையும் இன்றும் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒரே தலைப்பை இரு அறிஞர்கள் எவ்வளவு வேறுபட்ட மனப்பாங்கோடு அணுகியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு கல்வி. தம்மை அறியொணாவாதி என்று சொல்லிக்கொள்வோரில் சிலர் உண்மையில் நாத்திகர்களே என்பது ஸ்மார்ட்டின் கருத்து. கணிதமும் தருக்கமும் தவிர வேறு எதையுமே ‘அறிவோம்’ என்று சொல்லக்கூடாது என்ற அளவுகடந்த ஐயவாதம்தான் அவர்களை அப்படிப் பேசவைக்கிறது என்கிறார் அவர். டிரேப்பரோ அந்த வழக்கைத் தீர்ப்பதற்கு முன், வழக்கு எதைப் பற்றியது என்று வரையறுக்கவே பதிவின் முதல் இரண்டு பகுதிகளைச் செலவிடுகிறார். புதிய வாசகருக்கு டிரேப்பரின் பொறுமையே கூடுதலாகப் பயன்படும் என்பது என் எண்ணம்.

டிரேப்பர் செய்யும் மிக முக்கியமான காரியம், கலந்து கிடக்கும் கேள்விகளைப் பிரித்து வைப்பது. கடவுள் உண்டா என்பது உலகைப் பற்றிய கேள்வி. நான் எதை நம்புகிறேன் என்பது என் மனநிலையைப் பற்றிய கேள்வி. கடவுள் உண்டு என்பதையோ இல்லை என்பதையோ அறிய முடியுமா, அப்படி நம்புவதற்குப் போதிய நியாயம் இருக்கிறதா என்பது அறிவின் எல்லையைப் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கு நேரடி விடைகள் இரண்டே: உண்டு, இல்லை. உண்டு என்பது ஆத்திகம். இல்லை என்பது நாத்திகம். தெரியாது, யாருக்கும் தெரியாது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அந்தக் கேள்விக்கே பொருளில்லை என்பன போன்ற மறுமொழிகள் மதிக்கத்தக்கவையாக இருக்கலாம். ஆனால் அவை முதல் கேள்விக்குரிய நேரடி விடைகள் ஆகமாட்டா. இந்த வரைபடத்தில் அறியொணாவாதத்தின் இடம் ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் நடுவில் உள்ள மூன்றாவது நாற்காலி இல்லை. அது வேறொரு கேள்விக்குத் தரப்படும் விடை.

இந்தப் பிரிவு தெளிவானதும் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகள் தாமே அவிழ்கின்றன. கடவுள் இல்லை என்று நினைத்து, ஆனால் அது தமக்கு உறுதியாகத் தெரியும் என்று உரிமை கோராதவர் முதல் கேள்வியில் நாத்திகராகவும் மூன்றாவது கேள்வியில் அறியொணாவாதியாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. நம்பிக்கையால் மட்டுமே பற்றிக்கொள்ளும் பக்தரும் அதே மூன்றாவது கேள்வியில் அறியொணாவாதியாக இருக்க முடியும். அறியொணாவாதியைத் துணிச்சல் போதாத நாத்திகர் என்றும் நாத்திகரைக் கொஞ்சம் முரட்டுத்தனம் கொண்ட அறியொணாவாதி என்றும் அளவால் மட்டும் வேறுபடுத்தும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இப்பதிவு அந்தப் பழக்கத்துக்கு வைக்கும் முற்றுப்புள்ளி ஒன்றுக்காகவே இதை நான் பரிந்துரைப்பேன்.

கைக்குழந்தையின் கேள்வி எஞ்சுகிறது. 1972-இல் ஆன்டனி ஃப்ளூ என்ற பிரிட்டிஷ் மெய்யியலாளர், கடவுள் இல்லை என்று உறுதிபடக் கூறுவோரை மட்டுமன்றி, கடவுள் நம்பிக்கை இல்லாத அனைவரையும் நாத்திகர் என்ற பெயருக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். நிறுவும் பொறுப்பு கடவுள் உண்டு என்பவருக்கே உரியது, அவர் நிறுவாதவரை நம்பிக்கையின்மையே இயல்பான தொடக்க நிலை என்பது அவர் வாதத்தின் உட்பொருள். உலகெங்கும் இயங்கும் பல நாத்திக அமைப்புகள் இந்தப் பரந்த வரையறையையே பின்பற்றுகின்றன. மெய்யியல் துறைக்குள் இந்த மாற்றம் வேர்பிடிக்கவில்லை என்கிறார் டிரேப்பர். அவர் பக்கத்து நியாயம் வலுவானது: நம்பிக்கையின்மை ஒரு மனநிலை, மனநிலையைச் சரி என்றோ பிழை என்றோ வாதிட்டு நிறுவ முடியாது. நாத்திகத்துக்கு ஆதரவான வாதம், எதிரான வாதம் என்று நாம் பேச வேண்டுமென்றால், நாத்திகம் என்பது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய கூற்றாக இருந்தாக வேண்டும். குழந்தையின் அறியாமையை ஒரு மெய்யியல் நிலைப்பாட்டின் பெயரால் அழைப்பது அந்த நிலைப்பாட்டை வாதிட்டு வந்தடைந்தவர்களின் உழைப்பைக் குறைத்துவிடும் என்றே நானும் கருதுகிறேன்.

இருப்பினும் இங்கே டிரேப்பரோடு எனக்கு ஓர் ஆழ்ந்த மாறுபாடு உண்டு. அவர் தரும் சுத்தமான வரையறை வகுப்பறைக்குப் பொருந்துகிறது. நாத்திகத்தின் பெயரால் வாழ்ந்து துன்புற்றவர்களின் வரலாற்றுக்கு அது முழுதும் பொருந்துவதில்லை. சார்லஸ் பிராட்லா இங்கிலாந்தில் 1866-இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவியவர். 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாத்திகர் என்ற காரணத்தால், உறுப்பினர்கள் கடவுள் பெயரால் ஏற்க வேண்டியிருந்த உறுதிமொழி விவகாரத்தில் சிக்கி, மீண்டும் மீண்டும் வென்றும், 1886 வரை அவர் தம் இருக்கையில் முறையாக அமர முடியவில்லை. சமயச் சார்பற்ற உறுதிமொழிக்கு முழு இடமளித்த 1888-ஆம் ஆண்டுச் சட்டம் அவரது போராட்டத்தின் விளைவு. அத்தகைய பிராட்லா நாத்திகத்தை விளக்கும்போது, கடவுள் இல்லை என்று நாத்திகன் சொல்வதில்லை, கடவுள் என்று நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்றே எனக்கு விளங்கவில்லை என்றுதான் அவன் சொல்கிறான் என எழுதினார். டிரேப்பரின் கணக்கில் இது முதல் கேள்விக்கு நேரடி விடையே ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற நாத்திகரை நாத்திகர் பட்டியலிலிருந்து வெளியேற்றும் வரையறையில் ஏதோ ஒன்று விடுபட்டுப்போகிறது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பிராட்லாவின் இந்த வரலாறு சென்னையையும் தொட்டது. அவரது இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். சுயமரியாதை இயக்கம் 1925-இல் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே தமிழில் கடவுள் மறுப்பு வாதங்கள் அச்சேறியிருந்தன. பின்னர் பெரியார் "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்று முழங்கியபோது அது டிரேப்பரின் வரையறைக்கு ஐயத்துக்கிடமின்றிப் பொருந்தும் கூற்று. ஆனால் அந்த முழக்கம் சாதியையும் சடங்கையும் தாங்கிப்பிடிக்கும் தூணாகக் கடவுளைக் கண்டு எழுப்பப்பட்டது; அதன் விசை முழுவதும் சமூகத்தை நோக்கியது. அந்த விசையை அளக்கும் கருவி இப்பதிவில் இல்லை. அதை இக்களஞ்சியத்தின் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழ் வாசகர் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

அறியொணாவாதத்தின் பக்கம் வருவோம். அதற்குரிய ஆங்கிலப் பெயரை 1869-இல் உருவாக்கியவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. லண்டனில் இயங்கிய மெட்டாபிசிக்கல் சொசைட்டி என்ற விவாதக் கழகத்தில் ஏனையோர் எல்லாரும் ஏதோ ஒரு கொள்கையின் பெயரைத் தாங்கியிருக்க, இருப்பின் புதிருக்கு விடை கண்டுவிட்டோம் என்ற அவர்களது உறுதி தமக்கு இல்லாததால் அந்தப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டதாக அவரே பின்னர் விளக்கினார். 1889-இல் ‘நைன்டீந்த் செஞ்சுரி’ இதழில் எழுதிய கட்டுரைகளில், அறியொணாவாதம் ஒரு சமயக் கொள்கை இல்லை, ஒரு முறை என்றார். ஒரு கூற்று உண்மை என்று உறுதியாகச் சொல்வதற்கு, அந்த உறுதியைத் தருக்கப்படி நியாயப்படுத்தும் சான்றைக் காட்ட முடியாதபோது, அவ்வாறு சொல்வது தவறு என்பதே அம்முறையின் சாரம். டிரேப்பர் இந்தக் கருத்துக்கு உரிய மதிப்பளிக்கிறார். ஹக்ஸ்லியின் முறைக்கும், பிற்காலத்தில் அறியொணாவாதம் என்ற பெயரில் பேசப்படும் ‘தீர்ப்பை நிறுத்தி வைத்த மனநிலை’க்கும் உள்ள இடைவெளியைக் கவனமாகக் காட்டுகிறார்.

ஆனால் ஹக்ஸ்லி என்ற மனிதர் பதிவின் வாதங்களுக்கு நடுவே நம் கண்ணில் படுவதில்லை; அவரை அறியாமல் இந்நிலைப்பாட்டின் கனத்தை உணர முடியாது என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவருடைய மூத்த மகன் நோயல், நான்கு வயது நிறையும் முன்பே, செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்தான். ஆங்கிலிக்கன் பாதிரியாரான சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லி எழுதிய பதில் நீண்டது, கனிவானது, அசையாதது. மனித ஆன்மாவின் அழியாமையை நான் மறுக்கவுமில்லை, உறுதி கூறவுமில்லை. அதை நம்புவதற்கு எனக்குக் காரணம் தென்படவில்லை, அதைப் பொய்யென்று நிறுவவும் வழியில்லை என்று அதில் எழுதினார். நம்பிக்கை எவ்வளவோ இனிமையாக இருந்திருக்கக்கூடிய வேளையில், இனிமையானது என்பது மட்டுமே அதை ஏற்கப் போதாது என்று நின்றவர் அவர். அறியொணாவாதத்தை மதில்மேல் பூனை என்று எளிதாக ஒதுக்குவோர் இக்கடிதத்தை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

டார்வினின் நிலையும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. 1879-இல் எழுதிய கடிதம் ஒன்றில், தம் எண்ணம் பலவாறு ஊசலாடியபோதும் கடவுளின் இருப்பை மறுக்கும் பொருளில் தாம் ஒருபோதும் நாத்திகராக இருந்ததில்லை என்றும், பெரும்பாலும் அறியொணாவாதி என்பதே தமக்கு ஏற்ற பெயர் என்றும் அவர் குறிப்பிட்டார். 1881-இல் நாத்திகர்களான எட்வர்டு ஏவ்லிங், லுட்விக் பூக்னர் ஆகியோர் அவர் வீட்டுக்கு விருந்தினராக வந்தபோது, இரண்டும் ஒன்றுதான், கண்ணியமான பெயர் ஒன்று, சண்டைக்கு அழைக்கும் பெயர் மற்றொன்று என்ற பொருள்பட ஏவ்லிங் வாதிட்டார். நீங்கள் ஏன் அவ்வளவு சண்டைக்கு நிற்க வேண்டும் என்று டார்வின் திருப்பிக் கேட்டார். ஏவ்லிங்கின் பார்வையே இன்றுவரை பொது வழக்கில் வென்றுவருகிறது. அது ஏன் போதாது என்பதை அறிய டிரேப்பர் பதிவின் நடுப்பகுதிக்குத்தான் செல்ல வேண்டும்.

அந்த நடுப்பகுதியே என் கணிப்பில் பதிவின் செழுமையான இடம். சான்று இல்லாத நிலையில் நாம் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமா, ‘தெரியாது’ என்று நிற்க வேண்டுமா? நாத்திகரும் அறியொணாவாதியும் உண்மையாகப் பிரியும் சந்தி இதுதான். பிரிட்டிஷ் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசல் 1952-இல் எழுதிய கட்டுரையில் ஒரு தேநீர்க்கெண்டியைக் கற்பனை செய்தார்: பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே, எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத அளவு சிறியதாக, அது சூரியனைச் சுற்றிவருகிறது. அதை இல்லை என்று எவராலும் நிறுவ முடியாது. ஆனாலும் அதைப் பற்றி ‘தெரியாது’ என்று நடுநிலை காப்பவர் எவருமில்லை, எல்லாரும் இல்லை என்றே சொல்வோம். இதற்கு எதிரே அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா வேறோர் எடுத்துக்காட்டை வைத்தார். விண்மீன்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதற்கு நம்மிடம் சான்று இல்லை. அதனால் அது ஒற்றைப்படை என்று முடிவுகட்டுவது அபத்தம். இங்கே ‘தெரியாது’ என்பதே அறிவுள்ள விடை.

இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் சான்றின்மை ஒன்றே. பிறகு ஏன் விடைகள் வேறுபடுகின்றன? சான்று எதையும் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கூற்று உண்மையாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. எண்ணிக்கை ஒற்றையாகவோ இரட்டையாகவோதான் இருக்க முடியும், இரண்டும் சமம், ஒன்றைவிட மற்றொன்று கூடுதலாக எதையும் கோருவதில்லை. தேநீர்க்கெண்டியோ எண்ணற்ற சாத்தியங்களுள் மிகக் குறிப்பான ஒன்று. தொடக்கத்திலேயே அதன் நிகழ்தகவு ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குச் சிறியது. ஆகவே கடவுள் கூற்று விண்மீன்களின் எண்ணிக்கையைப் போன்றதா, தேநீர்க்கெண்டியைப் போன்றதா என்பதே கேள்வி. முதலாவதைப் போன்றது, கிடைக்கும் சான்றுகளும் எந்தப் பக்கமும் தீர்மானமாகச் சாயவில்லை என்று கருதுகிறவர் அறியொணாவாதத்தில் நிற்பார். மெய்யியலாளர் ராபின் லெ பாய்டவின் முன்வைத்த வாதத்தின் எலும்புக்கூடு இதுவே. இரண்டாவதைப் போன்றது என்று கருதுகிறவர் நாத்திகத்துக்கு வந்துசேர்வார். இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் ஏவ்லிங் சொன்னது ஏன் போதாது என்று புரிந்துவிடும்: இருவரின் வேறுபாடும் குரலின் உரப்பில் இல்லை, ஒரே சான்றின்மையை எடைபோடும் விதத்தில் இருக்கிறது. ரசலே 1947-இல் எழுதியபோது, மெய்யியலாளர் அவையில் தம்மை அறியொணாவாதி என்றும், தெருவில் செல்லும் பொதுமனிதரிடம் நாத்திகர் என்றும் சொல்லிக்கொள்வேன் என்றார். ஹோமர் பாடிய கிரேக்கத் தெய்வங்களையும்தான் இல்லை என்று நிறுவ முடியாது என்பது அவர் தந்த காரணம்.

டிரேப்பர் இந்தச் சந்தியிலிருந்து மேலும் ஓரடி வைக்கிறார். நாத்திகம் எந்தக் கடவுளை மறுக்கிறது? எல்லாவகைக் கடவுள்களையும் ஒருசேர மறுப்பது முழுமை நாத்திகம். ஒரு குறிப்பிட்ட கடவுட்கருத்தை மட்டும் மறுப்பது வரையறைக்குட்பட்ட நாத்திகம். முன்னதை நிறுவுவது மிகக் கடினம், ஏனென்றால் மனிதர்கள் இதுவரை எண்ணிப் பார்க்காத கடவுட்கருத்துகளும் இருக்கக்கூடும். ஆகவே எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முழு நன்மையே வடிவான ஒரே கடவுள் என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கெதிராக இரண்டு வாதங்களைக் கட்டுகிறார். முதலாவது, மேலே சொன்ன தொடக்க நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்டது. இரண்டாவதில் ஒரு போட்டிக் கருத்தை முன்னிறுத்துகிறார்: அதே அளவு வல்லமையும் அறிவும் கொண்டு, ஆனால் அறத்தால் உந்தப்படாமல் அழகுணர்ச்சியால் மட்டும் உந்தப்படும் ஒரு படைப்போன் இருப்பதாகக் கொள்வோம். நல்ல கதைக்கு இன்பமும் துன்பமும் இரண்டும் தேவை என்பதுபோல் அத்தகையவன் படைத்த உலகில் நன்மையும் கொடுமையும் கலந்தே கிடக்கும். நாம் காணும் உலகை இரண்டு கருத்துகளுள் எது மேலாக எதிர்பார்க்க வைக்கிறது என்று கேட்கிறார் டிரேப்பர். நல்ல கடவுளின் உலகில் தீமை ஏன் என்ற சிக்கலை இவ்வளவு புதிய கோணத்தில் வைத்த வாதத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. எனினும் இப்பகுதி நிகழ்தகவுக் கோட்பாட்டில் பழக்கமில்லாதவருக்குக் கடினமானது; பதிவு அங்கே கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை.

வரையறைக்குட்பட்ட நாத்திகம் என்ற கருத்து இந்திய வாசகருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை டிரேப்பரே நினைத்திருப்பாரா என்று தெரியாது. வேதத்தை மறுப்பின்றி ஏற்ற மீமாம்சகர்கள் உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவனை ஏற்கவில்லை. பழைய சாங்கியத்தில் ஈசுவரனுக்கு இடமில்லை. சமணர்கள் படைப்புக் கடவுளை வாதிட்டு மறுத்தார்கள். தேவர்களின் இருப்பை மறுக்கவில்லை. இவர்களை ஆத்திகர் என்பதா நாத்திகர் என்பதா என்ற நெடுநாள் குழப்பம், எந்தக் கடவுளைப் பற்றி என்று கேட்ட மாத்திரத்தில் தெளிகிறது. அறியொணாவாதத்துக்கும் இங்கே பழைய முன்னோர் உண்டு. புத்தரின் காலத்தவரான சஞ்சய பேலட்டிபுத்தர், மறுமை உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் எல்லா விடைகளையும் விலக்கினார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. பிடிகொடாமல் நழுவும் விலாங்கு என்று பௌத்தர்கள் அவ்வகையினரைக் கண்டித்தார்கள். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், தாதகிப் பூவும் கருப்புக்கட்டியும் சேரக் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல் நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறெதையும் ஏலேன் என்று பூதவாதி சொல்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். எவ்வளவு சான்று இருந்தால் ஒன்றை ஏற்கலாம் என்பதே அங்கும் வழக்கு.

இவற்றுள் எதுவும் இப்பதிவின் மையத்தில் இல்லை. அது விவாதிக்கும் கடவுள் யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகள் வழிபடும் ஒரே கடவுள். அது உரையாடும் அறிஞர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் எழுதும் மெய்யியல் துறையினர். இக்களஞ்சியத்திலேயே செவ்வியல் இந்திய மெய்யியலில் இயற்கைவாதம் பற்றித் தனிப்பதிவு ஒன்று இருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துப் படித்தால் குறை ஓரளவு நிரம்பும். இரண்டையும் இணைத்து எழுதப்பட்ட பதிவு ஒன்று வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மொழி இன்னொரு தடை. தமிழில் இச்சேவை இல்லை. இதன் ஆங்கிலம் அலங்காரமற்றது, ஆனால் செறிவானது. ஒரு பத்தியை இருமுறை படிக்காமல் கடப்பது அரிது. கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் முதல் இரண்டு பகுதிகளைத் துணையின்றிப் படித்துவிடலாம். வாதங்களைக் கட்டும் பகுதிகளுக்கு ஆசிரியரோ, உடன் படிப்பவரோ வேண்டும். பட்டிமன்றத்துக்கோ சமூக ஊடகச் சண்டைக்கோ விரைந்து மேற்கோள் எடுக்க வருகிறவர் ஏமாற்றமடைவார். பக்கத்தின் இறுதியில் உள்ள நூற்பட்டியல் மட்டும் ஓர் ஆண்டுப் படிப்புக்குப் போதும். அதில் பல கட்டுரைகள் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பது ஊர்ப்புற வாசகருக்கு வருத்தம் தரும் உண்மை.

படிக்கத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை இது: டிரேப்பரின் முதல் இரண்டு பகுதிகளை முடித்தவுடன் காப்பகத்துக்குச் சென்று ஸ்மார்ட்டின் 2004-ஆம் ஆண்டுப் பதிவைப் படியுங்கள், அது சுருக்கமானது, நடையும் இலகுவானது. அதன்பின் திரும்பிவந்து முழுமை நாத்திகம், வரையறைக்குட்பட்ட நாத்திகம் பற்றிய பகுதியையும், அறியொணாவாதத்துக்கு ஆதரவான வாதத்தையும் படியுங்கள். நிகழ்தகவு வாதங்களை நிகழ்தகவின் அடிப்படைகளைக் கற்ற பிறகு எடுத்துக்கொண்டாலும் இழப்பில்லை. பதிவு அங்கேயே இருக்கும், நீங்கள் குறித்துவைத்த அதே வடிவிலும், ஒருவேளை திருத்தப்பட்ட புதிய வடிவிலும்.